சர்க்கார் எடுக்கட்டும் என்றால், எந்த சர்க்கார்?

மூணாறிலும் வண்டிப்பெரியாரிலும் போனஸ் நேரம் வந்துவிட்டால் டீக்கடையில் ஒரு பேச்சு கட்டாயம் கிளம்பும். "கம்பெனியை நம்பி என்ன பிரயோசனம், சர்க்காரே தோட்டத்தை எடுத்து நடத்தட்டும்." கோபத்தில் சொல்வதுதான், ஆனால் கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. சரி, எடுக்கட்டும். எந்த சர்க்கார் எடுப்பது, திருவனந்தபுரமா டெல்லியா? அங்கேதான் பேச்சு சிக்கிக்கொள்ளும். கேரளம் என்ற மாநிலம் பிறந்த சில மாதங்களிலேயே அங்கே ஆட்சிக்கு வந்தவர்களுக்கும் டெல்லியில் ஆட்சியில் இருந்தவர்களுக்கும் நடுவே இந்தக் கேள்வி வந்து நின்றது. அதைப் புரிந்துகொள்ள அரசியல் சாசனத்தை முழுக்கப் படிக்க வேண்டாம். இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் போதும்.

அரசுடைமை என்று எதைச் சொல்கிறோம்

ஒரு தனியார் தொழிலின் உரிமையைச் சட்டம் போட்டு அரசு தன் பேருக்கு மாற்றிக்கொள்வதுதான் அரசுடைமை. முதலாளி விரும்பி விற்பது இதில் சேராது. அவர் விரும்பாவிட்டாலும் சட்டம் மாற்றிவிடும். பதிலுக்கு ஏதோ ஒரு நஷ்டஈடு கொடுக்கப்படும். 1956-ல் ஆயுள் காப்பீடு, 1969 ஜூலையில் 14 வங்கிகள், 1971 முதல் 1973 வரை நிலக்கரிச் சுரங்கங்கள் என்று டெல்லி செய்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. மாநிலங்களும் செய்திருக்கின்றன. தேனி, போடிப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், 1972-ல் மதுரை வட்டாரத்தில் தனியார் பஸ்கள் போய்ப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்ததைச் சொல்வார்கள்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிற வேறு மூன்று விஷயங்கள் உண்டு. கூலி எவ்வளவு, லயத்தில், அதாவது தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், கக்கூஸ் இருக்கிறதா என்று அரசு விதி போடுவது கட்டுப்பாடு மட்டும்தான். உரிமை முதலாளியிடமே இருக்கும். நொடித்துப்போன தொழிலை அரசு கொஞ்ச காலம் நிர்வாகம் பண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது நிர்வாகத்தை ஏற்பது. அதிலும் உரிமை மாறாது. மூன்றாவது, குத்தகைக்கோ, அனுபவித்துக்கொள் என்ற சலுகைக்கோ விட்ட நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்வது. இந்த மூன்றாவதைத்தான் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். மூணாறில் கடைசியில் நடந்தது அதுதான். ஆனால் பலரும் "தோட்டத்தையே சர்க்கார் எடுத்தது" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று பட்டியல்

யாருக்கு எதில் சட்டம் போட அதிகாரம் என்பதை அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை மூன்று பட்டியலாகப் பிரிக்கிறது: மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவருக்கும் பொதுவான பட்டியல். மாநிலப் பட்டியலின் 24-வது இனத்தில் "தொழில்கள்" என்றே இருக்கிறது. அப்புறம் என்ன தகராறு என்று தோன்றும். தகராறு அதே வரியின் வாலில் இருக்கிறது. மத்தியப் பட்டியலின் 52-வது இனத்துக்கு உட்பட்டுத்தான் அந்த அதிகாரம். அந்த 52 என்ன சொல்கிறது? ஒரு தொழிலை மத்திய அரசு தன் கட்டுப்பாட்டில் வைப்பது பொதுநலனுக்குத் தேவை என்று நாடாளுமன்றம் சட்டத்தில் அறிவித்துவிட்டால், அந்தத் தொழில் மத்தியின் கைக்குப் போய்விடும்.

தேயிலைக்கு அப்படியோர் அறிவிப்பு 1953-ன் தேயிலைச் சட்டத்திலேயே இருக்கிறது. தேயிலை வாரியம் வந்ததும் அந்தச் சட்டத்தால்தான். ஆகவே கேரளம் என்ற மாநிலம் 1956 நவம்பர் 1-ல் உருவாகும்போதே தேயிலை என்ற தொழில் டெல்லியின் பிடியில் இருந்தது. ஆனால் நிலம்? அது மாநிலப் பட்டியலின் 18-வது இனம். சொத்தைக் கையகப்படுத்துவது பொதுப் பட்டியலின் 42-வது இனம். ஒரே மலைச்சரிவில் செடி நிற்கிற மண் மாநிலத்தின் விஷயம், செடியிலிருந்து வருகிற தூள் மத்தியின் விஷயம். பத்திரம் தம்பி பேரில், பெட்டிச் சாவி அண்ணன் கையில் என்கிற கதை.

வரியிலும் இதே பிளவு உண்டு, பலருக்குத் தெரியாது. தேயிலையைப் பயிரிட்டு, அங்கேயே பேக்டரியில் தூளாக்கி விற்கிற கம்பெனியின் லாபத்தில் 40 சதவீதம் வியாபார வருமானம் என்று கணக்காகி, வருமான வரிச் சட்டப்படி மத்திக்குப் போகிறது. மீதி 60 சதவீதம் விவசாய வருமானம். அதன்மேல் வரி போடும் உரிமை மாநிலத்துக்கு. கொழுந்து கிள்ளுவது விவசாயம், அதை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்துவது தொழில் என்று சட்டம் பார்க்கிறது. இரண்டும் ஒரு எஸ்டேட்டுக்குள், ஒரே சங்கு சத்தத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிற வேலைகள்.

மேல்மட்டம் என்றால் யார் யார்

"மத்திய மாநில மோதல்" என்று செய்தித்தாள் எழுதும்போது ஏதோ இரண்டு கட்டடங்கள் முட்டிக்கொள்வது மாதிரி இருக்கும். நிஜத்தில் முட்டிக்கொள்வது ஆட்களின் கூட்டங்கள். முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிற கட்சித் தலைவர்கள், மந்திரிகள், உயர் அதிகாரிகள், பெரிய முதலாளிகள், அவர்களுடைய சங்கங்கள்: இவர்களைத்தான் அரசியல் மேல்மட்டம் என்று இங்கே சொல்கிறேன். 1957-ல் தேயிலை விஷயத்தில் அப்படி மூன்று கூட்டம் இருந்தது.

முதலாவது டெல்லி காங்கிரஸ். நேரு அரசுக்கு அப்போது இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கையில், அந்நியச் செலாவணி கஜானாவில் இல்லை. 1957, 58-ல் அந்த நெருக்கடி உச்சத்துக்குப் போய், கடன் தரும் நாடுகள் சேர்ந்து உதவ வேண்டிய நிலை வந்தது. அந்தச் சமயத்தில் வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்த சரக்குகளில் தேயிலை முன்வரிசையில் இருந்தது. பிரிட்டிஷ் கம்பெனித் தோட்டத்தில் கைவைத்தால் நஷ்டஈட்டை பிரிட்டிஷ் நாணயமான ஸ்டெர்லிங்கில் கொடுக்க வேண்டும். கைவசம் இல்லாதது அதுதான். போதாததற்கு 1949 ஏப்ரல் 6-ல் நேருவே வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: பாகுபாடு கிடையாது, லாபத்தை எடுத்துப்போகத் தடையில்லை, எடுத்துக்கொண்டால் நியாயமான நஷ்டஈடு. டெல்லிக்காரர்கள் எல்லோரும் வெள்ளைக்காரத் துரைகளின் நண்பர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கணக்கு வேறு.

இரண்டாவது திருவனந்தபுரம். 1957 ஏப்ரல் 5-ல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதல்வரானார். 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60. சுயேச்சைகள் 5 பேர் ஆதரவோடு ஆட்சி. வெளிநாட்டாருக்குச் சொந்தமான தோட்டங்களை அரசுடைமையாக்க வேண்டும் என்பது அவர்களுடைய தேர்தல் வாக்குறுதிகளில் ஒன்று. கொள்கை ஒரு பக்கம் இருக்க, அதற்குப் பின்னால் பட்ஜெட்டும் இருந்தது. ஏற்றுமதி வரி மத்திக்கு, எக்சைஸ் மத்திக்கு, அந்நியச் செலாவணி மத்திக்கு. மலையும் மழையும் தொழிலாளியின் ரேஷன் பிரச்சினையும் மாநிலத்துக்கு. எந்தக் கட்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் எரிச்சல் வந்திருக்கும்.

மூன்றாவது கம்பெனிகள். குன்னூரிலிருந்து இயங்கிய தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கமான உபாசி 1893-லிருந்து இருக்கிறது. திருவனந்தபுரத்தில் காரியம் நடக்காவிட்டால் நேரே டெல்லிக்குப் போகத் தெரிந்தவர்கள். இரண்டு அரசுகள் முறைத்துக்கொண்டு நிற்கிற நாட்டில் மூன்றாவது ஆளுக்கு எப்போதும் இன்னொரு கதவு திறந்திருக்கும். மத்திய மாநில மோதலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

இந்த மூன்று கூட்டத்திலும் தமிழ் பேசுகிற தோட்டத் தொழிலாளி இல்லை. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழர் பெரும்பான்மை என்பதால் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-ல் கேரளத்தோடு விடுவதே சரி என்றது. செங்கோட்டையும் தெற்கே நான்கு தாலுகாக்களும் மட்டும் இந்தப் பக்கம் வந்தன. தோட்டமும் பள்ளிவாசல் மின்நிலையமும் இருக்கிற மலையைக் கேரளத்து மேல்மட்டத்தில் எந்தக் கட்சியும் விடத் தயாராக இல்லை. ஆனால் தொழிலாளியிடம் ஓட்டு இருந்தது. மெலிந்த பெரும்பான்மையில் ஓடிய ஆட்சிக்கு 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் உயிர்ப் பிரச்சினை ஆனது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் தமிழில் பாடினார். கூட இருந்த தம்பிகளில் ஒருவர் பின்னாளில் இளையராஜா. ரோசம்மா ஜெயித்தார்.

1957 முதல் 1959 வரை: கேட்டார்கள், நடக்கவில்லை

வாக்குறுதி கொடுத்தவர்கள் ஏன் சட்டம் போடவில்லை? போட்டாலும் செல்லாது என்று அவர்களுக்கே தெரியும். தேயிலை என்ற தொழில் மத்தியப் பிடியில். சரி, சொத்து என்று சொல்லிக் கையகப்படுத்தலாமே என்றால், அன்றைய அரசியல் சாசனத்தின் 31-வது பிரிவு குறுக்கே நின்றது. சொத்தைக் கையகப்படுத்த மாநிலச் சட்டசபை போடும் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் உயிர்பெறும். குடியரசுத் தலைவர் மத்திய மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடப்பவர். அதாவது டெல்லியின் விருப்பத்துக்கு எதிரான சட்டத்துக்கு டெல்லியிடமே கையெழுத்து வாங்க வேண்டும்.

இதனால்தான் ஈ.எம்.எஸ். அரசு தோட்ட விஷயத்தில் மத்தியை வற்புறுத்துவது என்ற அளவோடு நின்றது. 1959 ஜூனில் நிறைவேற்றிய நில உறவு மசோதாவிலும் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு இருந்தது. அந்த மசோதாவும் ஒப்புதலுக்காக டெல்லிக்குப் போனது. ஒப்புதல் வருவதற்குள் ஜூலை 31-ல் 356-வது பிரிவைப் பயன்படுத்தி ஆட்சியையே கலைத்துவிட்டார்கள். கலைப்புக்குக் கல்விச் சட்டம், ஆட்சியை எதிர்த்து நடந்த விமோசன சமரம் என்ற போராட்டம் என்று பெரிய காரணங்கள் வேறு இருந்தன. தேயிலைக்காகக் கலைத்தார்கள் என்று சொன்னால் அது கதை. ஆனால் டெல்லியின் கையில் என்னென்ன ஆயுதம் இருக்கிறது என்று மாநிலங்கள் அந்த ஆண்டு பார்த்துக்கொண்டன: ஒப்புதலை இழுத்தடிப்பது, பணம், கடைசியாகக் கலைப்பு.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் தோட்டத்தை எடுக்க வேண்டும் என்ற அதே அரசு 1958-ல் பிர்லாவோடு ஒப்பந்தம் போட்டு, கோழிக்கோடு பக்கம் மாவூரில் மரக்கூழ் ஆலைக்கு வழிவிட்டது. சலுகை விலையில் மூங்கிலும் தருவதாகச் சொன்னது. இதை இரட்டை வேடம் என்று திட்டுவது சுலபம். மாநில மேல்மட்டத்துக்கு முதலில் வேண்டியது தன் எல்லைக்குள் வருகிற தொழில், வேலை, வரி. கொள்கை அதன் பின்னால் வரும். டெல்லி மேல்மட்டமும் அப்படித்தான்: 1957-ல் தோட்டத்தைத் தொடாதே என்ற அதே கட்சி முந்தின ஆண்டுதான் ஆயுள் காப்பீட்டை எடுத்திருந்தது.

1971: தொழிலை விட்டார்கள், நிலத்தைப் பிடித்தார்கள்

மூணாற்றுத் தோட்டங்களின் மூலம் 1877. மதுரைப் பாண்டிய வம்சம் என்று சொல்லிக்கொண்ட பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜே.டி. மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலையைச் சலுகையாக வாங்கினார். ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல். பின்னால் அது கண்ணன் தேவன் கம்பெனிக்குப் போனது. 1960களில் டாடாவும் கூட்டு சேர்ந்தது. பூஞ்ஞாற்றின் உரிமை திருவிதாங்கூருக்கு வந்து, திருவிதாங்கூரின் உரிமை கேரளத்துக்கு வந்தது. ஆக நிலத்தின் மூல உடைமை அரசுக்கே, கம்பெனியிடம் இருப்பது சலுகை மட்டுமே என்று வாதாட ஒரு நூல் கிடைத்தது.

அந்த நூலைப் பிடித்தவர் சி. அச்சுத மேனன். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல்வர். அவர் ஆட்சிக்கு இந்திரா காந்தியின் காங்கிரஸ் ஆதரவு. 1969-ல் வங்கிகளை எடுத்து, கட்சியை உடைத்து, இடதுசாரிகளோடு இணக்கமாக இருந்த இந்திரா. 1957-ல் எதிரெதிராக நின்ற இரண்டு மேல்மட்டங்கள் இப்போது ஒரே பெஞ்சில். கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டம் 1971-ல் வந்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. சாசனத்தின் அந்த விதி மாறவில்லை. மாறியது கையெழுத்துப் போடுகிற இடத்தின் மனநிலை.

சட்டத்தின் கட்டமைப்பைக் கவனியுங்கள். மலை நிலங்கள் அரசுக்கு வந்து சேரும். ஆனால் தேயிலை நட்ட தோட்டம், பேக்டரி, அதற்கு வேண்டிய மற்ற நிலம் எல்லாம் கம்பெனியிடமே இருக்கும். எவ்வளவு தேவை என்பதை நில வாரியம் முடிவு செய்யும். அரசுக்கு வருகிற மீதியில் நிலமற்ற விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளிகளுக்கும் பங்கு.

கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. அதன் வாதத்தில் முக்கியமான ஒன்று நாம் மேலே பார்த்த 52-வது இனம்தான். தேயிலை மத்தியக் கட்டுப்பாட்டில் உள்ள தொழில், அதைப் பாதிக்கிற சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை. 1972 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. இந்தச் சட்டத்தின் சாரம் நிலம். தேயிலைத் தொழிலுக்கு அதனால் ஏதோ பாதிப்பு வந்தாலும் சட்டம் தேயிலைத் தொழிலைப் பற்றியதாக ஆகிவிடாது. நிலமும் கையகப்படுத்தலும் மாநிலத்துக்கு எட்டும் விஷயங்கள்தான். இது விவசாயச் சீர்திருத்தமும் ஆகும் என்று சொல்லி, கேரளம் பக்கம் தீர்ப்பானது. பேக்டரிக்குள் கால் வைத்திருந்தால் கேரளம் தோற்றிருக்கலாம் என்பது என் கணிப்பு. வாசலோடு நின்றதால் ஜெயித்தது.

நில வாரியம் 1974-ல் பிரித்துக் கொடுத்தபோது ஏறத்தாழ 57,000 ஏக்கர் கம்பெனிக்கு, 70,000 ஏக்கர் அரசுக்கு. அரசுக்கு வந்ததில் கணிசமான பகுதி புல்மேடும் சோலையும். துரைமார் வேட்டையாடிய இரவிகுளம் அதில் ஒன்று. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. ராஜமலையில் இன்று டிக்கெட் எடுத்து வரையாடு பார்க்கிறவர்கள் நிற்பது அந்தச் சட்டத்தால் மீட்ட நிலத்தில்தான். மீதி நிலத்தில் ஆக்கிரமிப்பும் ரிசார்ட்டும் முளைத்தது, 2007-ல் அச்சுதானந்தன் அரசு புல்டோசர் அனுப்பியது, அதெல்லாம் தனிக்கதை. சண்டையில் மாநிலம் ஜெயித்தது, கம்பெனியும் தேயிலையைக் காப்பாற்றிக்கொண்டது, மலைக்காடும் பிழைத்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலானோர் பெயரில் ஒரு சென்ட் பட்டாகூட ஏறவில்லை. ஓய்வுபெற்றால் லயத்தைக் காலி பண்ண வேண்டும் என்ற நிலை அப்படியே இருந்தது.

டெல்லி எடுத்தால் எப்படி இருக்கும்

மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். 1957-ல் நாடாளுமன்றம் நிலக்கரி நிலங்களைக் கையகப்படுத்தச் சட்டம் போட்டது. அதை வைத்து மேற்கு வங்க அரசுக்குச் சொந்தமான நிலத்தையே மத்தி எடுக்க முயன்றது. மாநிலம் வழக்குப் போட்டது: நாங்களும் ஒரு இறைமை உள்ள அரசு, எங்கள் சொத்தை நீங்கள் எடுப்பது எப்படி? 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு மத்தியின் பக்கம் போனது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். மாநிலம் எடுக்க வேண்டுமானால் டெல்லியின் ஒப்புதல் வேண்டும், டெல்லி எடுக்க வேண்டுமானால் மாநிலத்தின் ஒப்புதல் வேண்டாம். சண்டை சமமான ஆட்களுக்கு நடுவே நடப்பதில்லை.

ஆந்திர எல்லையை ஒட்டிய கோலார் தங்கவயலில் கதை வேறு மாதிரி ஓடியது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன தமிழர்கள் இறங்கிய சுரங்கங்கள். 1956-ல் மைசூர் மாநில அரசு அவற்றை பிரிட்டிஷ் நிர்வாகத்திடமிருந்து அரசுடைமையாக்கியது. மாநிலமும் எடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் 1962-லேயே சுரங்கம் மத்திய அரசின் கைக்குப் போய், 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாகி, 2001-ல் மூடப்பட்டது. தங்கம் மாதிரியான சரக்கை ஒரு மாநிலத்திடம் நெடுநாள் விட்டுவைக்க எந்த டெல்லிக்கும் மனம் வராது.

கடலுக்கு அப்பால் இலங்கையில் இந்தப் பட்டியல் சண்டை கிடையாது. ஒரே அரசு, ஒரே நாடாளுமன்றம். 1972 நிலச் சீர்திருத்தச் சட்டத்தையும் 1975 திருத்தத்தையும் வைத்து கம்பெனித் தோட்டங்கள் வரை எடுத்துக்கொண்டார்கள். அங்கே மலையகத் தமிழர் பட்ட பாட்டைப் பார்த்தால், மோதல் இல்லாததால் தொழிலாளிக்கு நல்லது நடந்துவிடும் என்று சொல்ல முடியாது. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியைக் கேரளம் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் அமர்த்தியது. அதற்கென்று 1976-ல் தொடங்கிய நிறுவனத்தில் மாநிலத்துக்கு 60, மத்திக்கு 40 சதவீதப் பங்கு. செங்கோட்டை தாண்டினால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத இடத்தில் இரண்டு சர்க்காரும் கூட்டாக முதலாளியாக இருக்கிறார்கள். இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

மூடிய தோட்டம்

இன்றைய நிலைக்கு வருவோம். பீர்மேடு தாலுகாவில் 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது சில முதலாளிகள் தோட்டத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். சம்பளம் நின்றது, பி.எப். கட்டவில்லை, பேக்டரி துருப்பிடித்தது. தொழிலாளிகள் தங்களுக்குள் செடிகளை இத்தனை வரிசை உனக்கு, இத்தனை எனக்கு என்று பிரித்துக்கொண்டு, கொழுந்தைக் கிள்ளி வெளி பேக்டரிக்கு விற்றுச் சாப்பிட்டார்கள். லயத்தின் தகரம் பெயர்ந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டி மழையைக் கழித்தார்கள். அரசுடைமைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஆனாலும் சிக்கல்.

தேயிலைச் சட்டத்தில் 1976-ல் சேர்த்த ஒரு அத்தியாயம் நொடித்த, கைவிட்ட தேயிலைத் தோட்டங்களின் நிர்வாகத்தை ஏற்கும் அதிகாரம் தருகிறது. யாருக்கு? மத்திய அரசுக்கு. 2016 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் டூவர்ஸ் பகுதியில் ஒரே கம்பெனியின் 7 தோட்டங்கள் மீது டெல்லி இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது. சில மாதத்தில் அங்கே சட்டசபைத் தேர்தல் வர இருந்தது, இரண்டு ஆளுங்கட்சிகளும் தொழிலாளி யாரால் வாழ்ந்தான் என்று போட்டி போட்டன. பீர்மேட்டில் பசி அதற்கு முன்பே இருந்தது. அந்த வேகம் இங்கே வரவில்லை.

திருவனந்தபுரத்துக்கு இருக்கும் வழி மறுபடி நிலம்தான். சுதந்திரத்துக்கு முன் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்குப் போன தோட்ட நிலம் சட்டப்படி அரசுக்கே வர வேண்டும் என்று கேரளம் சிறப்பு அதிகாரியை நியமித்து ஒரு பெரிய கம்பெனியின் நிலத்தை எடுக்கப் பார்த்தது. 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. உரிமையை சிவில் கோர்ட்டில் நிரூபி என்பதுதான் சாரம். 1971-ல் ஒரே மலைக்கு ஒரே சட்டம், சட்டசபையில் பேசி நிறைவேற்றியது. இங்கே அதிகாரி உத்தரவை வைத்து அதே வேலையைச் செய்யப் பார்த்தார்கள்.

இப்போது காற்று திசை மாறியும் அடிக்கிறது. டெல்லி விற்கிறது, மாநிலம் வாங்குகிறது. கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் இருந்த மத்திய அரசின் பத்திரிகைக் காகித ஆலை நொடித்து ஏலத்துக்கு வந்தபோது கேரள அரசே எடுத்து, 2022-ல் மாநில நிறுவனமாக ஓட்டத் தொடங்கியது. திருவனந்தபுரம் விமான நிலையத்தைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று கோர்ட் வரை போய்த் தோற்றது. விமான நிலையம் மத்தியப் பட்டியல். அங்கே நிலம் என்ற நூலைப் பிடித்துப் பார்த்தும் எடுபடவில்லை.

பொம்பிளை ஒருமை எந்த வாசலில் நின்றது

2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளிகள் சங்கத் தலைவர்களையே ஓரம்கட்டிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்களே, அந்தப் பொம்பிளை ஒருமைப் போராட்டத்தை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10-க்குக் குறைந்தது. அதைக் கேட்க கம்பெனி அலுவலகத்தின் முன் போனார்கள். கம்பெனியோ 2005-லிருந்து தொழிலாளிகளும் பங்கு வைத்திருக்கும் கம்பெனி. எதிரி என்று காட்டத் துரையும் இல்லை. 20 சதவீதத்தை வாங்கிவிட்டுக் கூலியைக் கேட்டார்கள். அது மாநில அரசின் தோட்டத் தொழிலாளர் குழுவில் முடிவாவது. 232 ரூபாய் 301 ஆனது, கேட்டது 500. லயத்தைச் சரி செய்யக் கேட்டால் அப்போது அமலில் இருந்த சட்டம் 1951-ல் நாடாளுமன்றம் போட்டது, அதை அமல்படுத்தும் இன்ஸ்பெக்டர் மாநில அரசின் ஆள். பி.எப். டெல்லி. தூள் ஏற்றுமதியும் இறக்குமதியும் டெல்லி. சொந்தமாக வீட்டுமனை வேண்டும் என்றால் திருவனந்தபுரம்.

ஆகவே அடுத்த முறை டீக்கடையில் "சர்க்கார் எடுக்கட்டும்" என்று யாராவது சொன்னால், எதை எடுக்கட்டும் என்று கேட்டுப் பாருங்கள். மனைக்கும் தரிசாகக் கிடக்கும் நிலத்துக்கும் என்றால் மனு தேவிகுளம் எம்.எல்.ஏ.வுக்கும் வருவாய்த் துறைக்கும் போக வேண்டும், சட்டசபையால் முடிகிற காரியம். மூடிய தோட்டத்தின் நிர்வாகத்துக்கு என்றால் மனு இடுக்கி எம்.பி.யிடமும் வர்த்தக அமைச்சகத்திடமும் போக வேண்டும். பேக்டரியோடு தொழிலையே எடுப்பது என்றால் அதற்கும் டெல்லிதான். கூடவே, இங்கே யார் ஆட்சி, அங்கே யார் ஆட்சி, இருவருக்கும் அந்த வருஷம் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.